கேப்சைட்டபின் மாத்திரையை நாளைக் காலையே தொடங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, உயரம் 160 செ.மீ., எடை 57.6 கிலோ. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. இனி கேப்சைட்டபின் 500 மி.கி. மாத்திரை காலையில் 4, இரவில் 4 என்று 14 நாள், பிறகு 7 நாள் இடைவெளி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல், கிரியேட்டினின் 1.2. பிரஷர் மாத்திரையும், இதயத் துடிப்புக் கோளாறுக்காக வார்ஃபரினும், ரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறார். ஊசி இல்லை, மாத்திரைதானே. நாளைக் காலையே ஆரம்பிக்கலாமா?

பதில்:

நாளைக் காலை வேண்டாம். அதற்கு முன் மருத்துவமனைக்கு ஒரு போன் போட வேண்டும். நீங்கள் எழுதிய சில வரிகளிலேயே டாக்டரிடம் திரும்பக் கேட்க வேண்டியவை மூன்று இருக்கின்றன: கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்த அளவு), வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து), நீங்கள் குறிப்பிடாத டிபிடி பரிசோதனை (இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி உடலில் போதுமா என்று பார்ப்பது). இவற்றுக்குப் பதில் வர இரண்டு நாளோ ஒரு வாரமோ ஆகலாம். ஆபரேஷனுக்குப் பிந்தைய கீமோவைப் பொதுவாக 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். ஐந்தாம் வாரத்தில் இருப்பதால் உங்களுக்கு அந்த அவகாசம் இருக்கிறது. தையல் போட்ட இடம் முழுதாக ஆறிவிட்டதா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

"மாத்திரைதானே" என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடலாம். கேப்சைட்டபின் உடலுக்குள் போனதும் மூன்று படிகளில் மாறி ஃபுளோரோயுராசில் ஆகிறது. வார்டில் படுக்க வைத்து டிரிப்பில் ஏற்றுகிறார்களே, அதே மருந்துதான். வார்டில் என்றால் நர்ஸ் எடை பார்ப்பார், அன்றைய ரத்த எண்ணிக்கையைப் பார்ப்பார், இன்னொருவர் டோஸைச் சரிபார்ப்பார், ஏதாவது கோளாறு என்றால் டிரிப்பை மூடிவிடுவார். மாத்திரையாக வரும்போது இவ்வளவு வேலையும் உங்கள் வீட்டு மேசைக்கு வந்துவிடுகிறது. மருந்தின் வீரியம் மட்டும் துளியும் குறைவதில்லை.

எட்டு மாத்திரை என்ற கணக்கு எங்கிருந்து வந்தது

இந்த மருந்தின் டோஸை உடலின் பரப்பளவை வைத்துப் போடுவார்கள். உயரத்தைச் செ.மீ.யிலும் எடையைக் கிலோவிலும் எடுத்துப் பெருக்கி, 3600 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் பரப்பளவு சதுர மீட்டரில் கிடைக்கும். அம்மாவுக்கு 160 × 57.6 = 9216. அதை 3600 ஆல் வகுத்தால் 2.56, அதன் வர்க்கமூலம் 1.6. பெருங்குடல் ஆபரேஷனுக்குப் பிறகு கேப்சைட்டபினைத் தனியாகக் கொடுக்கும்போது வழக்கமான டோஸ் ஒரு சதுர மீட்டருக்கு 1250 மி.கி., நாளுக்கு இருவேளை. 1250 × 1.6 = 2000 மி.கி., அதாவது ஒரு வேளைக்கு 500 மி.கி. மாத்திரை நான்கு. ஆகவே எழுதியவர் கணக்குத் தப்பவில்லை, முழு டோஸைத்தான் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு முழு டோஸ் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

எடை எந்தத் தேதியில் எடுத்தது என்றும் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன் எடுத்த எடையே கேஸ் ஷீட்டில் அப்படியே தொடர்ந்து வருவது சகஜம். இடையில் உடம்பு இளைத்து 49 கிலோ ஆகியிருந்தால் பரப்பளவு 1.48க்கு இறங்கிவிடும், டோஸும் 1800 மி.கி. பக்கம் வந்துவிடும். செருப்பில்லாமல், இந்த வாரம், ஒரே தராசில் எடுத்த எடைதான் கணக்குக்கு உதவும்.

ஒரு இடைச்செருகல். 1800 மி.கி. போன்ற டோஸுக்கு இரண்டு அளவு மாத்திரைகள் தருவார்கள்: 500 மி.கி. மூன்று, 150 மி.கி. இரண்டு. இரண்டு அட்டையும் பார்க்க ஒன்றுபோல இருந்து, கை மாறி 500இல் இரண்டும் 150இல் மூன்றும் போட்டால் 1450 மி.கி. ஆகிவிடும். ஐந்து மாத்திரை என்ற எண்ணிக்கை சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. இரண்டு அளவு கொடுத்திருந்தால் அட்டைகளின் மேல் பட்டையான பேனாவால் "3", "2" என்று எழுதிவிடுங்கள்.

பக்கத்துப் படுக்கைக்காரர் டோஸோடு ஒப்பிட்டுக் குழம்பவும் வேண்டாம். ஆக்ஸாலிப்ளாட்டின் ஊசியோடு சேர்த்துக் கொடுத்தால் சதுர மீட்டருக்கு 1000 மி.கி. என்று குறைப்பார்கள். கதிர்வீச்சோடு சேர்த்தால் 825 மி.கி., அதுவும் பெரும்பாலும் கதிர்வீச்சு நடக்கும் நாட்களில் மட்டும். மருந்தின் பெயர் ஒன்றுதான் என்றாலும் கணக்கு ஆளுக்கு ஆள் வேறு.

1.2 நார்மலா?

லேப் தாளில் நார்மல். பல லேப்களில் 1.2 வரை நட்சத்திரக் குறி விழாது. ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த வயதானவர்களிடம் சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் அந்த எண் அவ்வளவாக ஏறாது. அதனால் இந்த மருந்துக்குக் கிரியேட்டினினை மட்டும் பார்த்தால் போதாது, அதிலிருந்து கிரியேட்டினின் கிளியரன்ஸை, அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற மதிப்பீட்டை, கணக்கிட வேண்டும்.

140இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, (72 × கிரியேட்டினின்) ஆல் வகுக்க வேண்டும். பெண்களுக்கு விடையை 0.85 ஆல் பெருக்க வேண்டும். அம்மாவுக்குப் போட்டால்:

140 − 70 = 70
70 × 57.6 = 4032
72 × 1.2 = 86.4
4032 ÷ 86.4 = 46.7
46.7 × 0.85 = 39.7

நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 மி.லி. கேப்சைட்டபினில் இது 30 முதல் 50 வரையுள்ள கட்டத்தில் விழுகிறது. அந்தக் கட்டத்தில் 1250 மி.கி. கணக்கில் போட்ட டோஸை 75 சதவீதமாகக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும். 2000 மி.கி.யில் 75 சதவீதம் 1500 மி.கி., அதாவது வேளைக்கு மூன்று மாத்திரை. 30க்குக் கீழே போயிருந்தால் மருந்தே கூடாது.

ஒரு நாளுக்கு எட்டுக்கும் ஆறுக்கும் இரண்டு மாத்திரைதான் வித்தியாசம் என்று தோன்றும். 14 நாள் கொண்ட ஒரு சுற்றுக்கு அது 112க்கும் 84க்கும் உள்ள வித்தியாசம். சிறுநீரகம் மெதுவாக இருக்கும்போது மருந்தின் சிதைபொருட்கள் உடலில் தேங்கும். அப்படிப்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், வெள்ளை அணுக் குறைவு எல்லாம் கடுமையாக வரும். வயிற்றுப்போக்கு வந்தால் நீர் வற்றும், நீர் வற்றினால் சிறுநீரகம் இன்னும் சுணங்கும், அடுத்த டோஸ் இன்னும் அதிகமாகத் தேங்கும். இந்தச் சுழல்தான் வயதானவர்களை ஐசியூ வரை கொண்டுபோகிறது. டாக்டர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டே வேறு காரணத்துக்காக முழு டோஸ் எழுதியிருக்கலாம், அவசரத்தில் விட்டுப்போயும் இருக்கலாம். எது என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் நீங்களாகவே மூன்று மாத்திரையாகக் குறைத்துக் கொடுக்காதீர்கள். குறைப்பதும் எழுதிக் கொடுத்தவர் வாயால் வர வேண்டும்.

டிபிடி: பலர் கேள்விப்படாத பரிசோதனை

ஃபுளோரோயுராசிலில் 80 சதவீதத்துக்கும் மேல் டிபிடி என்ற நொதியால், முக்கியமாகக் கல்லீரலில், சிதைக்கப்பட்டு வெளியேறுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி குறைவு. மிகச் சிலருக்கு அறவே இல்லை. அன்றாட வாழ்க்கையில் அது வெளியே தெரியவே தெரியாது, 70 வயது வரை ஆரோக்கியமாக வாழ்ந்திருப்பார்கள். இந்த மருந்து உள்ளே போகும் நாளில்தான் தெரியும். மற்றவர்களுக்குச் சரியான டோஸ், அவர்களுக்கு உடலை விட்டு வெளியேறாமல் பல மடங்கு டோஸாகிவிடுகிறது.

ஐரோப்பிய வம்சாவளியினரில் 9 சதவீதம் வரை இந்த நொதி குறைவாகவும், 0.5 சதவீதம் வரை முற்றிலும் இல்லாமலும் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2020இல் இந்த மருந்துகளைத் தொடங்கும் முன் எல்லோருக்கும் டிபிடி பரிசோதனை செய்யப் பரிந்துரைத்தது. எல்லா நாட்டிலும் எல்லா மருத்துவமனையிலும் இது இன்னும் வழக்கமாகவில்லை. அதனால்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

பரிசோதனை இரண்டு வகை. ஒன்று மரபணுப் பரிசோதனை: டிபிஒய்டி மரபணுவில் பரவலாகத் தெரிந்த நான்கு மாற்றங்களைத் தேடுவார்கள். இந்த நான்கும் பெரும்பாலும் ஐரோப்பியர்களிடம் கண்டுபிடிக்கப்பட்டவை. மற்ற வம்சாவளியினரிடம் வேறு மாற்றங்கள் இருக்கலாம், அவை இந்த வலையில் சிக்காது. ஆகவே "இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால் ஆபத்து குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம், ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று ரத்தத்தில் யுராசில் அளவு: யுராசில் உடலில் இயல்பாகவே இருப்பது, அதைச் சிதைப்பதும் இதே நொதிதான், நொதி குறைந்தால் அது தேங்கும். ஒரு மி.லி.க்கு 16 நானோகிராம் முதல் 150க்குள் இருந்தால் பகுதிக் குறைபாடு, 150ஐத் தாண்டினால் முழுக் குறைபாடு என்று பார்ப்பார்கள். இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். ரத்தம் எடுத்த குழாயை அறை வெப்பத்தில் நேரம் கடந்து வைத்திருந்தால் யுராசில் தானாகவே கூடிவிடும். சிறுநீரகம் மந்தமாக இருப்பவர்களுக்கும் அளவு பொய்யாக ஏறிக் காட்டலாம். அம்மாவின் கிளியரன்ஸ் 40 என்பதால் இரண்டாவது காரணம் அவருக்குப் பொருந்தும். யுராசில் பரிசோதனை செய்தால் லேபுக்கும் டாக்டருக்கும் அந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

முழுக் குறைபாடு என்றால் கேப்சைட்டபினும் கூடாது, ஃபுளோரோயுராசில் டிரிப்பும் கூடாது. பகுதிக் குறைபாடு என்றால் பாதி டோஸில் தொடங்கி, உடல் தாங்குவதைப் பார்த்துக் கூட்டுவார்கள். குடும்பத்தில் ரத்த உறவு யாராவது இந்த மருந்தின் முதல் சுற்றிலேயே மிக மோசமாகி அட்மிட் ஆகியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வார்ஃபரின், இன்னும் சில மாத்திரைகள்

எனக்கு இந்தக் கேள்வியில் மிகவும் உறுத்தியது வார்ஃபரின்தான். வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைக் கேப்சைட்டபின் அடக்கிவிடுகிறது. அதே வார்ஃபரின் டோஸ்தான், ஆனால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) ஏறிக்கொண்டே போகும். முதல் சில நாட்களிலும் நடக்கலாம், சில மாதம் கழித்தும் நடக்கலாம், கேப்சைட்டபினை நிறுத்தி ஒரு மாதம் வரையும் நீடிக்கலாம். இதனால் உயிர் போகும் அளவுக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டிருக்கிறது. பழக்கப்பட்ட மருந்து, பல வருடமாகப் பிரச்சினை இல்லை என்பதால் யாரும் இதைப் புதிதாக யோசிப்பதில்லை. கீமோ எழுதுபவர் ஒருவர், வார்ஃபரின் எழுதுபவர் வேறொருவர். இரண்டு சீட்டும் ஒன்றாகச் சேரும் ஒரே இடம் உங்கள் கை.

தொடங்கும் முன் ஒரு ஐஎன்ஆர் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு வழி. வேறு ரத்தம் உறையா மருந்துக்கு மாற்றுவது (சிறுநீரகக் கணக்கைப் பார்த்துத்தான் எது என்று முடிவாகும்), அல்லது வார்ஃபரினிலேயே இருந்துகொண்டு அடிக்கடி, ஆரம்பத்தில் வாரம் ஒரு முறையாவது, ஐஎன்ஆர் பார்த்து டோஸைத் திருத்துவது. இதய டாக்டரும் புற்றுநோய் டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டியது இது. பயந்துபோய் வார்ஃபரினை நீங்களே நிறுத்தினால் பக்கவாதத்தில் கொண்டு விடும்.

இரும்புச்சத்து மாத்திரை அட்டையைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் ஃபோலிக் அமிலம் சேர்ந்தே இருக்கும். ஃபோலேட் வகைகள் ஃபுளோரோயுராசிலின் பிடியை இறுக்கும். லூக்கோவோரின் என்ற ஃபோலேட்டை மருத்துவர்கள் வேண்டுமென்றே அந்த டிரிப்போடு கொடுப்பதே அதற்காகத்தான். கேட்காமல் கூடச் சேரும்போது பலன் கூடுகிறதோ இல்லையோ, வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் கூடலாம். ஃபோலிக் அமிலம் இல்லாத இரும்பு மாத்திரை கிடைக்கும், மாற்றித் தரச் சொல்லுங்கள். மல்டிவைட்டமின், சத்து மாத்திரை, மூலிகை மருந்து எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டையில் இல்லாத எதையும் இந்த ஆறு மாதம் ஒதுக்கி வைப்பது நல்லது.

வலிப்புக்கான ஃபெனிட்டாயின் சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதத்துக்கான அல்லோப்யூரினால் என்ற மருந்து கேப்சைட்டபினின் பலனைக் குறைக்கலாம் என்பதால் தவிர்ப்பார்கள். அக்கி அம்மைக்குச் சில நாடுகளில் கொடுக்கும் பிரிவுடின் மாத்திரை எல்லாவற்றையும் விடக் கொடியது. அது டிபிடி நொதியை அப்படியே முடக்கிவிடும், அதனால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 4 வாரம் இடைவெளி வேண்டும். அதன் நெருங்கிய உறவான சொரிவுடின் 1993இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சில வாரங்களிலேயே, இவ்வகைக் கீமோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இறந்ததால் திரும்பப் பெறப்பட்டது. மற்றபடி ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் அம்மாவுக்கு இரட்டைக் கெடுதல்: சிறுநீரகத்துக்கும் ஆகாது, வார்ஃபரினோடும் ஆகாது.

பிரஷர் மாத்திரை என்ன வகை என்று நீங்கள் எழுதவில்லை. நீர் பிரியும் மாத்திரையாகவோ, பெயர் "-பிரில்", "-சார்ட்டான்" என்று முடிவதாகவோ இருந்தால், வயிற்றுப்போக்கு வரும் நாளில் அதைச் சாப்பிடலாமா, நிறுத்த வேண்டுமா என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு அதற்குப் பதில் சொல்ல ஆள் கிடைக்காது.

இதயம், கல்லீரல், தடுப்பூசி, பல்

இந்த மருந்து சிலருக்கு இதய ரத்தக் குழாயைச் சுருங்க வைக்கும். முன்பே நெஞ்சுவலி, அடைப்பு, ஸ்டென்ட் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல், ஒன்றும் இல்லாதவர்களுக்கும் வந்திருக்கிறது. அம்மாவுக்குத் துடிப்புக் கோளாறு இருப்பதால் தொடங்கும் முன் ஒரு ஈசிஜி எடுத்து வைப்பது நியாயம், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். முதல் சில நாட்களில் நெஞ்சில் இறுக்கம், வலி, மூச்சுத் திணறல் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேராக எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். வாயு என்று நினைத்து வீட்டில் இருந்துவிடக் கூடாது.

ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளை அணு) 1,500க்கும் பிளேட்லெட் 1,00,000க்கும் குறையாமல் இருந்தால்தான் தொடங்குவார்கள். பிலிருபின் உள்ளிட்ட கல்லீரல் பரிசோதனையும் வேண்டும். கூடவே ஹெபடைடிஸ் பி பார்த்தார்களா என்று கேளுங்கள். எப்போதோ வந்து தூங்கிக்கொண்டிருக்கும் கிருமி கீமோவில் எழுந்துகொள்ளும். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கும் மாத்திரை இருக்கிறது.

உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி எதுவும் இந்தக் காலத்தில் கூடாது. ஃப்ளூ ஊசி போன்ற செயலிழக்க வைத்த வகைகள் போடலாம், முடிந்தால் தொடங்க இரண்டு வாரம் முன். ஆடும் பல், சீழ் பிடித்த ஈறு இருந்தால் பல் டாக்டரை இப்போதே பாருங்கள். வெள்ளை அணு இறங்கிய பிறகு பல் பிடுங்குவது தலைவலி.

இதைப் படிக்கும் வயது குறைந்தவர்களுக்கு: கருவுக்கு ஆகாத மருந்து இது. தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். பெண்கள் கடைசி டோஸுக்குப் பிறகு 6 மாதம் வரையும், ஆண்கள் 3 மாதம் வரையும் கருத்தடை பயன்படுத்த வேண்டும். மருந்து எடுக்கும்போதும், நிறுத்தி இரண்டு வாரம் வரையும் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது.

வீட்டில் முதல் மாத்திரைக்கு முன்

இந்த வாரம் அம்மா ஒரு நாளில் எத்தனை முறை மலம் கழிக்கிறார் என்று எண்ணி எழுதி வையுங்கள். அற்பமாகத் தோன்றும், ஆனால் மருந்தை எப்போது நிறுத்துவது என்பதே இந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது. வழக்கத்தை விட நாளுக்கு 4 முதல் 6 முறை கூடினால், அல்லது இரவில் எழுந்து போக வேண்டிவந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். குடல் ஆபரேஷன் ஆனவருக்கு வழக்கமே மூன்று முறையாக இருக்கலாம். அப்போது ஐந்து முறை போனால் பதற வேண்டியதில்லை, ஏழு என்றால் நிறுத்த வேண்டும். ஆரம்ப எண் தெரியாவிட்டால் இரண்டையும் பிரிக்க முடியாது. வயிற்றில் மலம் சேரும் பை வைத்திருந்தால் ஒரு நாளில் எத்தனை முறை காலி செய்கிறீர்கள் என்று எண்ணுங்கள்.

லோபெரமைட் மாத்திரையை வாங்கி வைத்திருங்கள். வழக்கமாக முதலில் 4 மி.கி., பிறகு ஒவ்வொரு முறை தண்ணீராகப் போகும்போதும் 2 மி.கி. அம்மாவுக்கு எவ்வளவு வரை போகலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஆனால் முதல் சுற்றின் முதல் பத்து நாளுக்குள் கடும் வயிற்றுப்போக்கோடு வாய் முழுக்கப் புண்ணும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது லோபெரமைடால் ஆற்றுகிற விஷயம் இல்லை. டிபிடி குறைபாடு தன் முகத்தைக் காட்டுவது இப்படித்தான். இதற்கு யுரிடின் ட்ரைஅசிடேட் என்ற முறிமருந்து உண்டு, கடைசி டோஸிலிருந்து 96 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். எல்லா ஊரிலும் இருப்பில் இருக்காது, வரவழைக்கவே நேரம் போகும். தவறுதலாக இரட்டை டோஸ் போட்டுவிட்டாலும் இதே கதைதான்: அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள்.

தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும், கையால் தொட்டுப் பார்ப்பது கணக்கில்லை. 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) தாண்டினால் நேரம் எதுவானாலும் போன் செய்து, சொன்ன இடத்துக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் பார்த்தால் எண் பொய்யாகும். முதலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளங்கை, உள்ளங்காலில் எரிச்சல், சிவப்பு, தோல் உரிதல் இந்த மருந்தின் கையெழுத்து. யூரியா 10 சதவீதம் உள்ள கிரீமை முதல் நாளிலிருந்தே தடவத் தொடங்குவது வந்தபின் தடவுவதை விடப் பயன் தரும். சுடுநீரில் பாத்திரம் கழுவுவது, இறுக்கமான செருப்பு, நெடுந்தூர நடை குறையட்டும். டைக்ளோஃபினாக் மேற்பூச்சு ஜெல்லும் இதைத் தடுக்கும் என்று ஒரு நல்ல ஆய்வு காட்டியிருக்கிறது. அம்மாவின் சிறுநீரகத்தையும் வார்ஃபரினையும் வைத்து அது தோதுப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு நாளடைவில் கைரேகையே மங்கிவிடும். விரல் வைத்துத் திறக்கும் போன், வங்கி வேலை எதுவும் இருந்தால் ரகசிய எண்ணை இப்போதே வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

மாத்திரையைச் சாப்பாடு முடிந்த 30 நிமிடத்துக்குள், தண்ணீரோடு, முழுதாக விழுங்க வேண்டும். இரண்டு வேளைக்கும் நடுவே சுமார் 12 மணி நேரம். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, அந்தத் தூள் கொடுப்பவருக்கும் ஆகாது. விழுங்கச் சிரமம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். எடுத்துக் கொடுப்பவர் கையுறை போடட்டும், இல்லாவிட்டால் அட்டையிலிருந்து நேராகச் சிறு கிண்ணத்தில் விழவைத்துக் கொடுத்துவிட்டுக் கையைச் சோப்பால் கழுவட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் இந்த வேலையை ஏற்க வேண்டாம். மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் கலந்து வைக்காதீர்கள். ஒரு வேளை மறந்தால் மறந்ததுதான், அடுத்த வேளையில் சேர்த்துப் போடக் கூடாது. வாந்தி எடுத்துவிட்டாலும் திரும்பக் கொடுக்கக் கூடாது.

அடிக்கடி நடக்கும் தவறு 15ஆம் நாளில். பெட்டியில் மாத்திரை மிச்சம் இருந்தால் கை தானாகப் போகும். காலண்டரில் 14 நாளையும் ஒரு நிறத்திலும் 7 நாளையும் வேறு நிறத்திலும் முதலிலேயே அடைத்துவிட்டு, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு டிக் போடுங்கள். அடுத்த சுற்று 22ஆம் நாளில் தானாகத் தொடங்குவதில்லை. புதிய ரத்த எண்ணிக்கை, கிரியேட்டினின், எடை பார்த்து டாக்டர் சரி என்ற பிறகுதான். முதல் சுற்றில் மட்டும் நடுவில், ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், ஒரு முறை நேரிலோ போனிலோ பார்க்க நேரம் கேட்டு வாங்குங்கள்.

இன்று போன் செய்யும்போது ரிப்போர்ட்டையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எதிரே வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லலாம்: "அம்மாவுக்குக் கேப்சைட்டபின் 2000 மி.கி. இருவேளை எழுதியிருக்கிறீர்கள். வயது 70, எடை 57.6, கிரியேட்டினின் 1.2, கிளியரன்ஸ் 40 வருகிறது. வார்ஃபரினும் இரும்பு மாத்திரையும் சாப்பிடுகிறார். டிபிடி பார்க்கவில்லை. டோஸ் இதேதானா, வார்ஃபரினை என்ன செய்வது, டிபிடிக்கு ரத்தம் எங்கே கொடுப்பது, இரவில் கூப்பிட எந்த எண்?" சொல்லும் பதிலை, சொன்னவர் பெயரோடும் தேதியோடும் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.